பைலட்டுக்கு சுகர் வந்தால்: இராயபுரத்திலிருந்து ஒரு குறிப்பு

வடசென்னையில் 'பைலட்' என்றால் எந்த பைலட் என்று கேட்க வேண்டியிருக்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் கயிற்று ஏணி பிடித்து ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து கட்ட வைப்பவர் பைலட். இராயபுரம், தண்டையார்பேட்டை ஷெட்டுகளிலிருந்து வண்டி எடுத்துப் போகிறவர் லோகோ பைலட். டிரைவர் என்ற பழைய பெயர் பேச்சில் இன்னும் போகவில்லை. மூன்றாமவர் ஆகாயத்தில் போகிறவர். அவருக்கும் நம்ம ஏரியாவுக்கும் நேரடித் தொடர்பு குறைவு, மீனம்பாக்கம் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஆனால் இந்த மூவரையும் ஒரே கேள்வி துரத்துகிறது. சுகர் வந்துவிட்டால் வேலையில் விடுவார்களா, மாட்டார்களா?

இந்தக் கேள்வியை இராயபுரத்திலிருந்து பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவின் நீரிழிவு மருத்துவ வரலாற்றில் பெரிய பெயர்களில் ஒன்று இங்கேதான், மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கிறது: எம்.வி. நீரிழிவு மருத்துவமனை. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-ல் தொடங்கியது. அதற்கு முன்பே, 1948-ல், பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை அவர் ஆரம்பித்திருந்தார். இன்றைக்கு 'டயாபடாலஜிஸ்ட்' போர்டு இல்லாத தெரு சென்னையில் கிடையாது. அன்றைக்கு ஒரு நோய்க்கு மட்டும் தனி ஓ.பி. என்பதே புதுசு.

அதே 1948-ல், ஏப்ரல் 14-ம் தேதி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. தன் முதலாம் இணைப்பை ஏற்றுக்கொண்டது. விமானம் ஓட்ட உரிமம் யாருக்குக் கொடுக்கலாம், உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம் அது. இந்தியா உட்பட உறுப்பு நாடுகளின் விதிகள் அதன் மேல்தான் நிற்கின்றன. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான், இதைப் பெரிதாக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆண்டில் சர்க்கரையை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அதற்குப் பின் வந்த எழுபது வருட விதிகள் ஏன் அப்படி இருந்தன என்பது பாதி புரிந்துவிடும்.

அன்றைக்கு நோயாளி வீட்டில் இருந்தது பெனடிக்ட் கரைசல். நீல நிறத் திரவம். டெஸ்ட் டியூபில் அதை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் சிவப்பு வந்தால் நிறைய இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இந்த நிற வரிசை இன்னும் மனப்பாடம். இதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. இரண்டாவதுதான் முக்கியம்: இரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும், அதனால் இந்தச் சோதனைக்கு உயர்வு மட்டுமே தெரியும், தாழ்வு தெரியாது. சர்க்கரை 110 இருக்கிறவருக்கும் நீலம். 40-க்கு இறங்கி இன்னும் பத்து நிமிடத்தில் மயங்கப் போகிறவருக்கும் அதே நீலம்.

விமானி அறையில் பயப்பட வேண்டியது அந்தத் தாழ்வைத்தான். சர்க்கரை 250-க்கு ஏறினால் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் வருடக் கணக்கில் கெடும். அன்றைக்கு மாலை விமானம் இறங்குவதை அது பெரும்பாலும் கெடுக்காது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால், அல்லது போட்ட அளவு கூடிவிட்டால், சர்க்கரை சரசரவென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதற்கடுத்த கட்டத்தில்தான் ஆபத்து. மூளைக்குத் தீனி இல்லை, ஆனால் ஆள் விழித்துக்கொண்டிருக்கிறார். பதில் சொல்வார், தப்பாகச் சொல்வார். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று கோபமாகவும் சொல்வார். தான் சரியில்லை என்பது தனக்கே தெரியாத நிலை அது.

1948-ல் ஒரு விமானியின் சர்க்கரை இறங்குகிறதா என்று பறக்கும்போது பார்க்க வழியே இல்லை. அதனால் "இன்சுலின் போடுகிறவர் ஓட்டக் கூடாது" என்ற முடிவில் கொடுமை என்று சொல்ல எதுவும் இல்லை. பார்க்க முடியாத ஒன்றுக்குத் தடை போட்டார்கள். கருவி வந்த பிறகும் தடை அப்படியே நின்றதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இதைத் துறைமுகத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 1908-ம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டப்படி, அந்தப் பிரிவு பொருந்தும் துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட்டோ துறைமுக மாஸ்டரோ இல்லாமல் உள்ளே வரவோ நகரவோ கூடாது என்றிருந்தது. பைலட் எப்படிக் கப்பலுக்குப் போகிறார்? பைலட் லாஞ்சில் கடலுக்குள் போய், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியைத் தாவிப் பிடித்து ஏறுகிறார். சர்வதேச விதிப்படி அந்த ஏணியில் அதிகபட்சம் 9 மீட்டர் ஏறலாம், அதற்கு மேல் போனால் சாய்வுப் படியும் சேர்த்துக் கட்ட வேண்டும். 9 மீட்டர் என்றால் மூன்று மாடி. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் லாஞ்ச் ஒரு பக்கம் எழும், கப்பல் ஒரு பக்கம் சாயும். உடம்பு உழைக்க உழைக்க சர்க்கரை இறங்கும் என்பது எல்லா சுகர்காரருக்கும் தெரிந்த பாடம். ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே பிரிட்ஜுக்குப் போய், நூற்றுக்கணக்கான அடி நீளக் கப்பலைக் குறுகலான வாயிலுக்குள் விட வேண்டும்.

சென்னை, எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று சுமார் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று துறைமுகங்கள் இங்கே. கடலில் ஒரு தவறு நடந்தால் கரையில் யாருக்கு அடி என்பதை 2017 ஜனவரி 28-ல் பார்த்தோம். எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளினார்கள். அந்த விபத்துக்கும் சர்க்கரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அப்படி யாரும் படித்துவிடக் கூடாது. தகுதிச் சான்று விஷயத்தில் அதிகாரிகள் ஏன் கெடுபிடி காட்டுகிறார்கள் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அவர்கள் பயம் பொய்ப் பயம் இல்லை.

மாத்திரைக் காலத்துக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியில் டால்பூட்டமைடு வந்தது, பின்னாலேயே குளோர்புரோபமைடு. இவை சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்க வைப்பவை. மெட்ஃபார்மின் வேறு வகை, 1957-ல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டினார். இது கணையத்தை வற்புறுத்தாது, கல்லீரல் சர்க்கரை வெளியிடுவதைக் குறைக்கும். இந்த வித்தியாசம் பைலட் கதையில் ரொம்ப முக்கியம். மெட்ஃபார்மினைத் தனியாகச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வருவது அரிது. சல்ஃபோனைல்யூரியா சாப்பிடுகிறவர் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டால் லோ சுகர் வரும், நன்றாகவே வரும். அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டு காலம் சாதாரண மக்களுக்குக் கிடைத்த மலிவான மாத்திரைகளில் இந்தக் குடும்பத்துக் கிளிபென்கிளமைடும் ஒன்று.

ஆனால் விதிகள் கோட்டை எங்கே போட்டன? ஐ.சி.ஏ.ஓ. நெடுங்காலம் மருந்தே இல்லாமல் கட்டுப்படும் நீரிழிவை மட்டும் ஏற்று, வாய்வழி மருந்துக்கு விதிவிலக்கு என்ற அளவில் இடம் கொடுத்தது. பிறகு வாசகம் மாறியது. உணவாலோ, உணவோடு மாத்திரையாலோ நன்றாகக் கட்டுப்பட்டிருந்து, மாத்திரை பணிக்கு ஒத்துப்போனால் தகுதி. இன்சுலின் என்றால் தகுதியில்லை. ஒரு நாடு விரும்பினால் தனி மருத்துவ முடிவின் பேரில் விலக்களிக்கலாம் என்று பொதுவான ஒரு ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். எந்த நாடு அந்த ஜன்னலைத் திறக்கிறது என்பது வேறு கதை.

'மாத்திரை சரி, ஊசி கூடாது' என்ற இந்தக் கோடு தவறான இடத்தில் விழுந்த கோடு என்பது என் கருத்து. லோ சுகர் வரவைக்கும் மாத்திரை உண்டு. தனியாகப் போட்டால் லோ சுகர் அபூர்வமாகவே வரும் ஊசிகளும் இப்போது வந்திருக்கின்றன, இன்சுலின் அல்லாத ஜி.எல்.பி.-1 வகை. கேட்க வேண்டியது "வாய் வழியா, தோல் வழியா" என்பதல்ல, "இந்த மருந்து இவர் சர்க்கரையைக் கீழே தள்ளுமா, தள்ளினால் நமக்கு நேரத்தோடு தெரியுமா" என்பதுதான். கடல் விதிகள் இதில் கொஞ்சம் தெளிவு. கப்பல் பணியாளர் மருத்துவச் சோதனைக்காக ஐ.எல்.ஓ.வும் ஐ.எம்.ஓ.வும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சல்ஃபோனைல்யூரியாவைத் தனியாகப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. இன்சுலின் போடுகிறவரையும் முழுசாக வெளியே தள்ளுவதில்லை. கட்டுப்பாடு நன்றாக இருந்து, லோ சுகரின் அறிகுறிகளை அவரால் உணர முடிந்தால், கரையோரப் பணிக்கு, தனியாக வாட்ச் பார்க்காத வேலைக்கு, காலக்கெடு போட்டு அனுமதிக்கலாம் என்கிறது. ஆனால் வழிகாட்டி இடம் கொடுத்தாலும் கம்பெனி இடம் கொடுக்க வேண்டுமே. கப்பல் வேலை ஒப்பந்த வேலை. ஆறு மாதமோ ஒன்பது மாதமோ முடித்து இறங்கினால் அடுத்த ஒப்பந்தத்துக்கு மறுபடி வரிசை. "கரையோரம் மட்டும், தனி வாட்ச் கூடாது" என்று எழுதிய சான்றிதழோடு போனால் ஏஜெண்ட் என்ன சொல்வார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"மெடிக்கல்ல அடிபட்டுட்டான்." இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் கப்பலுக்குப் போன பையனைப் பற்றி இப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் விவரம் கேட்க மாட்டார்கள்.

ரயில்வேயின் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே லோகோ பைலட் ஏ-1 மருத்துவப் பிரிவு, இருப்பதிலேயே கண்டிப்பானது. பி.எம்.ஈ. என்று சொல்கிற காலமுறைச் சோதனை 45 வயது வரை நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். இது பார்வை, செவித்திறன் போன்ற மெதுவாக மாறுகிற விஷயங்களுக்குப் பொருந்துகிற கால இடைவெளி. நம் ஊரில் டைப் 2 நீரிழிவு ஐரோப்பியர்களைவிட முன்னாலேயே, முப்பதுகளின் கடைசியிலும் நாற்பதுகளிலும் வந்து உட்காருகிறது. 41 வயதில் சோதனையில் தேறியவருக்கு 42-ல் சுகர் வந்தால், அடுத்த சோதனை வரை அது அவருக்கும் அவர் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கலாம்.

தகுதி இழந்தால் ரயில்வேயில் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். 'மெடிக்கலி டீகேட்டகரைஸ்டு' என்று வகைப்படுத்தி மாற்று வேலை கொடுப்பார்கள். அடிப்படைச் சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓடிய கிலோமீட்டருக்கு வரும் படி போய்விடும். இன்னொன்றும் போய்விடும், அதைக் காசில் சொல்ல முடியாது. இருபது வருடம் எக்ஸ்பிரஸ் ஓட்டியவர் ஒரு நாள் ஆபீஸில் ரெஜிஸ்டர் எழுத உட்காருவார். இதைக் கண்ணால் பார்த்த ஜூனியர்கள் என்ன பாடம் கற்றுக்கொள்வார்கள்? மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மறைக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மெடிக்கலுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து சோற்றை நிறுத்துவது. இரண்டு வேளையும் கஞ்சி. மாத்திரையை இரட்டிப்பாகப் போடுவது. அன்றைக்குக் காலை வெறும் வயிற்று இரத்தத்தில் சர்க்கரை அழகாக 100 காட்டும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சோதனை இருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஆனால் இரட்டிப்பாகப் போட்ட அந்த மாத்திரை சல்ஃபோனைல்யூரியா என்றால், விதி எந்த லோ சுகருக்குப் பயந்ததோ அதையே அந்த மூன்று நாளில் விதியே வரவழைக்கிறது.

இதைவிட நீண்ட காலச் சேதம் வேறு. டாக்டர் "இனிமே இன்சுலின்தான்" என்று சொல்லும்போது "ஊசி மட்டும் வேணாம் சார், வேலை போயிடும்" என்பவர்கள் இன்னும் இரண்டு வருடம் மாத்திரையை ஏற்றிக்கொண்டே ஓட்டுவார்கள். ஊசி மேல் நம் மக்களுக்குப் பொதுவாகவே பயம் உண்டு, அது கடைசி கட்டம் என்ற நம்பிக்கையும் உண்டு. தகுதிச் சான்று அந்தப் பயத்துக்கு அரசு முத்திரை குத்திக் கொடுக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் விழித்திரையில் இரத்தக் கசிவு வரலாம், காலில் மரமரப்பு வரலாம். சிக்னலைப் பார்க்க வேண்டிய கண்ணும் ஏணிப் படியை உணர வேண்டிய பாதமும் கெடுகிற காலம் அது. ஆனால் காகிதத்தில் அவர் ஃபிட்.

கருவியின் கதை இதற்குள் எங்கேயோ போய்விட்டது. 1960-களின் நடுவில் ஒரு துளி இரத்தத்தைத் தடவி நிறம் பார்க்கும் பட்டை வந்தது. 1970-ல் அந்த நிறத்தை எண்ணாகக் காட்டும் மீட்டர் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, டாக்டர் மேஜையில் வைக்கிற சாமான். எழுபதுகளின் கடைசியில்தான் நோயாளிகள் வீட்டிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். பெனடிக்ட் கரைசலுக்குத் தெரியாத தாழ்வு இப்போது எண்ணாகத் தெரிந்தது. அதாவது 1948-ல் நியாயமாக இருந்த தடையின் காரணம் 1980 வாக்கில் ஆட ஆரம்பித்துவிட்டது.

முதல் அசைவு சிறிய விமானங்களில் வந்தது. 1996-ல் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியார் விமானி உரிமத்துக்கான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றை நிபந்தனையோடு கொடுக்கத் தொடங்கியது. நிபந்தனைகளைப் படித்தால் நம்ம ஊர் பாட்டி கைவைத்தியம் போல எளிமையாக இருக்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்க்க வேண்டும். பறக்கும்போது மணிக்கு ஒருமுறை, இறங்குவதற்கு அரை மணி நேரத்துக்குள் ஒருமுறை. 100-க்கும் 300-க்கும் இடையில் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே வந்தால் 20 கிராம் குளுக்கோஸ். 300-ஐத் தாண்டினால் முடிந்தவரை சீக்கிரம் இறங்கு. வேலை நெருக்கடியில் ஒரு மணி நேரச் சோதனையைச் செய்ய முடியாவிட்டால் 10 கிராம் சாப்பிட்டுவிட்டு ஓட்டு, ஆனால் அடுத்த மணியும் அப்படியே தவறக் கூடாது. அளவு கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை, கீழே மட்டும் போகாதே என்பதுதான் இதன் சாரம். டாக்டர் அறையில் 'நல்ல சுகர்' என்பதும் விமானி அறையில் 'நல்ல சுகர்' என்பதும் ஒன்றில்லை என்று ஒரு அரசு அமைப்பு எழுதிவைத்தது எனக்குப் பிடித்த இடம்.

(டக்ளஸ் கெய்ர்ன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ஜெட் பயிற்சியாளர். 1989-ல் டைப் 1 நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டதும் பறக்கும் வேலை முடிந்தது. பின்னால் இந்த அமெரிக்க விதியின் கீழ் உரிமம் வாங்கி, 2002-03-ல் சிறிய விமானத்தில் உலகைச் சுற்றிவந்தார். தனி நூலுக்கான கதை.)

பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது அடுத்த படி. கனடா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆளுக்கு ஆள் பார்த்து அனுமதித்தது. 2012-ல் பிரிட்டன் வந்தது, பின்னர் அயர்லாந்து. பிரிட்டனின் முறை ரயில்காரர்களுக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் அது சிக்னல் முறை. நம்ம மில்லிகிராம் கணக்கில் 90 முதல் 270 வரை பச்சை. 72 முதல் 90 வரையும், 270 முதல் 360 வரையும் மஞ்சள். 72-க்குக் கீழும் 360-க்கு மேலும் சிவப்பு. சிவப்பு வந்தால் கட்டுப்பாட்டை மற்ற விமானியிடம் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு அளவையும் பக்கத்து விமானி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தனியாக ஓட்ட முடியாது.

இந்த முறை எப்படி நடந்தது என்று 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. சர்ரே பல்கலைக்கழகக் குழு உள்ளிட்டோர் 49 விமானிகளின் 22,078 பறப்பு மணி நேரத்தில் எடுத்த 38,621 அளவுகளைப் பார்த்தார்கள். 97.69 சதவீதம் பச்சை. தாழ்வான சிவப்பில் 48 அளவுகள், அதாவது 0.12 சதவீதம். விமானி செயலிழந்த சம்பவம் ஒன்றுகூட இல்லை. அந்த 48-ஐ நான் சின்ன எண் என்று தள்ளமாட்டேன், 48 தடவை ஒருவரின் சர்க்கரை 72-க்குக் கீழே போயிருக்கிறது. ஆனால் அந்த 48-ம் நேரத்தோடு தெரிந்தது, மருந்து கையில் இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார். இரட்டிப்பு மாத்திரை போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் ஓட்டுகிறவருக்கு எத்தனை தடவை இறங்குகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது.

அமெரிக்காவில் பெரிய விமானங்களுக்கான கதவு திறக்க 2019 நவம்பர் ஆயிற்று. நடுவில் எரிக் ஃப்ரீட்மன் என்ற விமானி வழக்குப் போட்டார், 2016-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்றை ஏன் மறுக்கிறாய், காரணம் சொல் என்று எஃப்.ஏ.ஏ.வுக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை, கருவியும் சேர்ந்து திறந்தது. கையில் ஒட்டிக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, இறங்கப் போகிறது என்று முன்கூட்டியே மணியடிக்கும் தொடர் சர்க்கரைமானி அதற்குள் வந்துவிட்டது. புது விதி அதையே கட்டாயமாக்கி, ஆறு மாதப் பதிவையும் கேட்டது.

1948-ன் நீல டெஸ்ட் டியூபிலிருந்து இங்கே வந்து சேர 71 வருடம். வீட்டு மீட்டரிலிருந்து கணக்கு வைத்தால் கிட்டத்தட்ட 40 வருடம். அந்த 40 வருடத்தில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!

இந்தியாவில் சர்வதேச நியதியின் பொது வாசகமே அடித்தளம். மாத்திரைக்கு இடம் உண்டு, இன்சுலின் என்றால் அன்ஃபிட். பெரிய விமான ஓட்டிகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் இது சில நூறு பேரின் பிரச்சினையாகத் தெரியும். ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, நாடு முழுவதும் 11.4 சதவீதம். ஏழு பேருக்கு ஒருவர் என்றால் ஷெட்டிலும் லாஞ்சிலும் கிரேன் மேலேயும் கண்டெய்னர் லாரியிலும் அவர் இருக்கிறார். வேலைக்குச் சேரும்போது இல்லாதவர், பாதி வழியில் ஆனவர். நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2016 பட்டியலில் உள்ள 21 வகைகளில் நீரிழிவு இல்லை. அதனால் அந்தச் சட்டத்தின் வேலைப் பாதுகாப்பை நீரிழிவை மட்டும் காட்டி அவர் கேட்க முடியாது.

கும்மிடிப்பூண்டி லோக்கலை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் போகிற வண்டி. முன்னால் மோட்டார்மேன் தனியாக. கார்டு பின்கோடியில். மோட்டார்மேன் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நூறு வருடத்துக்கு முன்னாலேயே யோசித்து 'டெட் மேன்ஸ் ஹேண்டில்' வைத்தார்கள், கை எடுத்தால் பிரேக் விழும். மாரடைப்புக்கு அது பதில். லோ சுகருக்கு முழுப் பதில் இல்லை, ஏனென்றால் லோ சுகர்காரர் கையை எடுப்பதில்லை. குழம்பிய தலையோடு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடும். அவருக்குப் பயன்படுவது கையில் ஒட்டிய, மணியடிக்கும் அந்தச் சின்ன வில்லைதான். அதை ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தால் அவர் தன் நோயை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தவர் ஆகிறார். சட்டைக் கையை இறக்கி மறைத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

பெரிய வண்டிகளில் நிலைமை பரவாயில்லை. அங்கே லோகோ பைலட்டுடன் உதவி லோகோ பைலட் இருக்கிறார். ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் இருவரும் கையை நீட்டி அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய பழக்கம், விதிப்படியான பழக்கம். பிரிட்டிஷ் விமானி தன் சர்க்கரை அளவைப் பக்கத்து விமானிக்குக் காட்டிச் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற அதே மூன்று நிறம். இராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856-ல் கிளம்பியது. அந்த ஷெட்டிலிருந்து மாதா கோயில் தெரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைக்க வேண்டாம், நடந்தே போய்விடலாம். அங்கே கார்டு போட்டுக்கொண்டிருக்கும் ரன்னிங் ஸ்டாஃப் பலர் 'வேலை' என்ற இடத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதை யாராவது விசாரித்து எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.